நண்டின் கட்டை அறுத்த நாள்

ஒழுங்கு எனக்கு ஒரு வியாதி. அன்றாடம் நடப்பதை மணி போட்டு நாட்குறிப்பில் எழுதிவைக்கிற ஆள் நான். அந்த வியாதியால் ஒரு நல்ல மனிதரின் கால் கட்டைவிரல் வீங்கியது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எண்ணூரில் ஒரு சின்ன நர்சரிப் பள்ளியில் யு.கே.ஜி. டீச்சராகச் சேர்ந்து மூன்று மாதம். தாளாளர் என் வகுப்பைப் பார்த்துத் திருப்திப்பட்டால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மறுபடி வீடு. ('நான் அப்பவே சொன்னேன்' என்று சொல்ல என் கணவர் தயாராக இருந்தார்.)

பிள்ளைகளுக்கு அதுவரை பத்துப் பெயர்ச்சொல், ஆறு வினைச்சொல் ஆங்கிலத்தில் தெரியும். வகுப்பில் தமிழ் கூடாது என்பது என் சட்டம்.

தாளாளர் பார்க்க வரும் நாளின் பாடத்துக்காகக் காசிமேட்டு மீன் சந்தையில் உயிருள்ள நண்டு ஒன்று வாங்கினேன். கொடுக்குகளை நூலால் கட்டித் தந்தார்கள். சார்ட்டில் இருந்த நண்டுக்கோ கட்டு இல்லை. படமும் பொருளும் ஒத்துப்போக வேண்டாமா? மணி 10.15. தாளாளர் முன்னால் நாற்காலியில் இருக்க, கத்தரிக்கோலை எடுத்தேன்.

முகத்துவாரக்குப்பத்து மீனவர் வீட்டுப் பெண் கலையரசி, ஐந்து வயது, எழுந்து நின்றாள்.

"மிஸ், அத்த அறுக்காத மிஸ். கட்ச்சிடும்."

"நோ தமிழ், கலையரசி. சிட்."

உட்கார்ந்தாள். நூலை வெட்டி, நண்டைத் தட்டில் வைத்துவிட்டுச் சார்ட் பக்கம் திரும்பினேன்.

"மிஸ்... க்ராப் ரன்" என்றாள் கலையரசி.

எனக்குப் புல்லரித்தது. இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்வது அடுத்த வாரப் பாடம். "வெரி குட். எவ்ரிபடி?"

"க்ராப் ரன்" என்று வகுப்பே கத்தியது. தாளாளர் தலையாட்டினார்.

கலையரசியின் குரல் உடைந்தது. "மிஸ், க்ராப் ஈட் சார்."

நான் 'வெரி குட்' சொல்லி முடிப்பதற்குள் தாளாளர் குதித்தார். ஜம்ப் என்ற சொல்லுக்கு அதைவிட நல்ல செயல்விளக்கம் நான் பார்த்ததில்லை. அப்போது நான் மேசை மேல் இருந்தேன். (எத்தனை மணிக்கு ஏறினேன் என்ற குறிப்பு இல்லை.)

கலையரசி அவர் காலடியில் குந்தினாள். "சார், ஸ்டாண்ட். சார், நோ ஜம்ப்." அவர் ஆடாமல் நின்றார். நண்டின் பிடி தளர்ந்ததும் பின்பக்கமாகப் பிடித்துத் தூக்கி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்ப தமிழ்ல சொல்லட்டா மிஸ்?"

"சொல்லும்மா."

"நான் மொதல்லயே சொன்னேன்ல."

தாளாளர் விரலைத் தடவிக்கொண்டே சொன்னார்: "பசங்க நல்லாத்தான் பேசுறாங்கம்மா. நீங்கதான் காதுல வாங்கல." வேலை நிரந்தரமானது. தமிழ் கூடாது என்ற சட்டம் அன்றே போனது.

இதை வீட்டில் சொன்னதுதான் நான் செய்த அடுத்த தவறு. போன வாரம் அடுப்பில் பாலை வைத்துவிட்டு நாட்குறிப்பில் மூழ்கியிருந்தேன். கணவர் இருந்த இடத்திலிருந்தே நிதானமாகச் சொன்னார்: "மிஸ், மில்க் ரன்."

ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். மணி 6.40.