அந்தர மாலுமிகள் மாநாட்டில் நான் ஊதிய விசில்

மதிப்பிற்குரிய மச்சான் பேச்சிராஜ் அவர்களுக்கு,

படப்பையிலிருந்து தங்கள் தங்கை புருஷன் நம்பிராஜன் அநேகக் கும்பிடுகளுடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் சொர்ணம்மாளும் சுகப்பிரியாவும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுத வேண்டிய இடத்தில் இப்படி எழுதிவிட்டானே என்று தாங்கள் பதற வேண்டாம். பதறுகிற வேலையை இந்த வீட்டில் நான் ஒருவனே பார்த்துக்கொள்கிறேன். அங்கே அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருக்கவும், தங்கள் சர்க்கரை கட்டுக்குள் நிற்கவும் நெல்லையப்பர் துணை செய்யட்டும். இது போனில் சொல்லக்கூடிய சங்கதி இல்லை. நான் போனில் பேசினால் தங்கள் தங்கை அடுப்படியில் நின்றுகொண்டே இரண்டு பக்கத்துப் பேச்சையும் கேட்டுவிடுவாள். அதனால்தான் கடிதமாக எழுதிக் கூரியரில் போடுகிறேன். படித்ததும் கிழித்துவிடவும்.

தாங்கள் வெயில் என்றும் மழை என்றும் பாராமல் அலைந்து கொண்டுவந்த பாளையங்கோட்டைச் சம்பந்தம் நல்ல சம்பந்தம். மாப்பிள்ளை மணிகண்டபிரபுவுக்கு வங்கியில் வேலை, சொந்த வீடு, ஒரே பிள்ளை, நாத்தனார் தொல்லை இல்லை. ஆவணியில் பெண் பார்க்க வருகிறோம் என்று அவர்கள் சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நல்ல காரியம் நெருங்க நெருங்கத்தானே மச்சான் கெடுதல் எந்த மூலையில் இருந்து வரும் என்று பார்க்க வேண்டும்? தாங்கள் சிரிப்பீர்கள். ஒரகடம் தொழிற்சாலையில் நான் ஓய்வு பெறும்வரை தீப் பாதுகாப்பு மேற்பார்வையாளன். எனக்குச் சம்பளமே பயப்படுவதற்குத்தான் கொடுத்தார்கள். நன்றாகப் பயந்தேன் என்று பாராட்டி ஒரு வருஷம் சுவர்க்கடிகாரமும் கொடுத்தார்கள். ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தால் மற்றவர்கள் ஆட்களைப் பார்ப்பார்கள், நான் வெளியே போகும் வழியைப் பார்ப்பேன்.

கெடுதல் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஆகாயத்திலிருந்து வந்தது. 'அந்தர மாலுமிகள்' என்று தொலைக்காட்சியில் ஒரு தொடர் ஓடுகிறது. வெள்ளைக்காரத் தொடர், தமிழில் பேச வைத்திருக்கிறார்கள். ஒரு விண்கலம், அதில் ஒரு கூட்டம், ஊர் திரும்ப வழி தெரியாமல் நட்சத்திரம் நட்சத்திரமாக அலைகிறது. சுகப்பிரியா பிறப்பதற்கு முன்பே ஆரம்பித்த தொடர், இன்னும் அவர்கள் ஊர் போய்ச் சேரவில்லை. சாயங்கால நெரிசலில் தாம்பரத்திலிருந்து படப்பைக்கு ஊர்ந்து வருகிறவனுக்கு இது பெரிய ஆச்சரியம் இல்லைதான். பள்ளிக்கூட நாளிலிருந்து இவள் அதைப் பார்க்கிறாள். வயசானால் விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். இருங்காட்டுக்கோட்டையில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் முற்றியது. அங்கே லைனில் நிற்கிற பாதிப் பேருக்கு அதே பைத்தியமாம். "அப்பா, ஒரகடத்துல ரசிகர் மாநாடு நடத்துறோம். நான்தான் கேப்டன்" என்று ஒரு நாள் சாதாரணமாகச் சொன்னாள்.

வேண்டாம் என்றால் கேட்கிற பெண்ணா? தங்கள் தங்கை மகள் அல்லவா! கூட்டத்தில் நெரிசல் வருமோ, எவனாவது வீடியோ எடுத்துப் போடுவானோ, அதை மாப்பிள்ளை வீட்டார் பார்த்துச் சம்பந்தம் முறியுமோ என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பிய பயத்தை அடக்க முடியாமல் நானும் கூடவே போனேன். சொர்ணம்மாளிடம் நண்பர் வீட்டுக் கல்யாணம் என்று சொல்லிவிட்டோம். மாநாடு நடந்த இடம் கல்யாண மண்டபம், அதனால் முழுப் பொய் இல்லை. வாசலில் முந்தின நாள் கல்யாணத்து வாழை மரம் அப்படியே நின்றது. அதன் இரண்டு பக்கமும் முகத்தில் நீலச் சாயம் பூசிய இரண்டு பேர் கையில் தெர்மோகோல் துப்பாக்கியோடு நின்றார்கள். காவலாளி கண்ணப்பன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ இன்னா வேசம் சார்?"

"நான் வேசம் இல்ல. பொண்ணோட அப்பா."

"அப்பா வேசமா? நல்லா கீது சார். உள்ள போ."

உள்ளே போனதும் என் கண் ஆபத்துகளை எண்ண ஆரம்பித்தது. மணமக்கள் உட்காரும் மேடையில் வெள்ளிக் காகிதம் சுற்றிய விண்கலம். அதற்குப் போகிற மின்கம்பி நடைபாதையின் குறுக்கே கிடக்கிறது. பேனர் கட்டிய கயிறு தளர்ந்திருக்கிறது. தீயணைப்பானின் மேல் ஒருவன் தன் வால் வேஷத்தைக் கழற்றி மாட்டியிருக்கிறான். சுகப்பிரியா வெள்ளை உடுப்பும் தலையில் வெள்ளி அடித்த பைக் ஹெல்மெட்டுமாக வந்தாள். படப்பைத் தையல்காரரிடம் தைத்த உடுப்பு, நன்றாகத்தான் இருந்தது, அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தூத்துக்குடிப் பக்கத்துப் பையன்கள், விழுப்புரத்துப் பெண்கள் எல்லாம் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்று நெஞ்சில் கை வைத்தார்கள். இரவு ஷிஃப்ட் முடித்து வாடகை அறைக்குப் போகாமல் நேரே வந்தவர்கள். சிலர் நீலச் சாயத்தோடு உட்கார்ந்த இடத்திலேயே தூங்கினார்கள். நான் வெளியேறும் கதவுக்குப் பக்கத்து நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தேன்.

மாநாட்டின் முக்கியக் கட்டத்துக்குக் 'கலம் மூடல்' என்று பெயராம். எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை மச்சான், அதுதான் வினை. அந்தத் தொடரில் கலத்துக்கு ஆபத்து வந்தால் சங்கு ஊதி எல்லாக் கதவையும் அடைத்துவிடுவார்கள். வெளியே காற்றே கிடையாது, கதவு திறந்தால் சாவு. நம் கம்பெனிகளில் சங்கு ஊதினால் எல்லாக் கதவையும் திறக்க வேண்டும், அடைத்தால் சாவு. இதை இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டாமா? திடீரென்று விளக்கு அணைந்தது. சங்கு அலறியது. மேடையிலிருந்து புகை பொங்கியது. "கதவ அடைங்க! எல்லாக் கதவையும் அடைங்க!" என்று கூட்டமே கத்தியது. என் பக்கத்துக் கதவை ஒருவன் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். என் கண் முன்னால் தாழ்ப்பாள் போட்டான்! சாவிக்கொத்தில் எப்போதும் கிடக்கிற விசிலை எடுத்து ஊதியது என் மூளை இல்லை, என் வாய். தாழ்ப்பாளைத் திறந்து, "எல்லாரும் வெளிய! ஓடாதீங்க! பையை எடுக்காதீங்க! அசெம்பிளி பாயிண்டுக்குப் போங்க!" என்று கத்தினேன்.

வேறு ஊராக இருந்தால் என்னைப் பிடித்து உட்கார வைத்திருப்பார்கள். இது ஒரகடம், தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். அங்கே இருந்த ஒவ்வொருவரும் தீ ஒத்திகை பழகியவர்கள். விசிலும், ஆபத்தில் எல்லாரும் கூடி நிற்க வேண்டிய இடமான அசெம்பிளி பாயிண்டும் காதில் விழுந்ததும், அந்த அந்தர மாலுமிகள் எல்லாரும் ஒரே நொடியில் தொழிலாளிகளாகிவிட்டார்கள். பேச்சில்லை, தள்ளுமுள்ளு இல்லை. தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கண்ணைத் திறக்காமலே எழுந்து வரிசையில் சேர்ந்தார்கள். ரெட்டை ரெட்டையாக வெளியே வந்து, கார் நிறுத்துமிடத்தில் தாங்களாகவே லைன் வாரியாக நின்று, ஒவ்வொரு லைனிலும் ஒருவர் தலை எண்ணி எனக்குக் கணக்குச் சொன்னார். நீல முகம், மூன்று கண், கொம்பு, எல்லாம் வெயிலில் ஒழுகிக்கொண்டு ஒழுங்காக நின்றன. சாலையில் போன ஷேர் ஆட்டோக்கள் நின்றுவிட்டன. என் வேலைக்காலத்தில் இவ்வளவு சுத்தமான வெளியேற்றத்தை நான் பார்த்ததில்லை. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதற்குள் கடைசி லைனில் நின்ற தூத்துக்குடிப் பையன் சொன்னான்: "அண்ணாச்சி, ஒரு ஆள் கொறையுது. கேப்டன காங்கல."

மறுபடி எண்ணச் சொன்னேன். மறுபடியும் ஒரு ஆள் குறைந்தது. மண்டபத்து வாசலில் புகை. வெளியே வந்தவர் யாரும் திரும்ப உள்ளே போகக் கூடாது என்பது சட்டம். எத்தனையோ பேருக்கு வகுப்பெடுத்த சட்டம். அதை மீறினவனை நான் வேலையிலிருந்து நிறுத்தியிருக்கிறேன். அந்தச் சட்டத்தை மீறி நான் ஓடினேன். ஓடாதீங்க என்று கத்தினவனே ஓடினேன். இருட்டில் நாற்காலி தட்டி, கம்பி தடுக்கி, "ஏட்டி சுகப்பிரியா! எங்கட்டி இருக்க?" என்று அலறினேன். சாமியெல்லாம் மறந்துபோனது, அவள் பெயர் மட்டும்தான் வாயில் வந்தது. பின்பக்கம் கழிப்பறைப் பக்கமிருந்து ஒரு செல்போன் வெளிச்சம் வந்தது. அவள்தான். ஒவ்வொரு கதவாகத் தட்டி, "உள்ள யாராச்சும் கீறீங்களா?" என்று கேட்டுக்கொண்டு வந்தாள்.

"ஏட்டி, வெளிய வராம இங்க என்ன செய்யுத?"

"நீங்க ஏன்பா உள்ள வந்தீங்க? வெளிய போனவங்க திரும்ப வரக் கூடாதுன்னு தெரியாது?"

"நீ?"

"எல்லாரும் போய்ட்டாங்களான்னு பாத்துட்டு நான் கடைசியாத்தான் போவணும். நீங்க சொல்லிக் குடுத்ததுதானே?"

அது மேடையில் காட்சிக்காக விடுகிற செயற்கைப் புகை என்பது அவளுக்கு முதலிலேயே தெரியும். தெரிந்தும், அப்பா விசில் ஊதிவிட்டாரே, ஒருவேளை நிஜமாகவே எங்காவது ஏதாவது பற்றியிருந்தால் என்று தேடியிருக்கிறாள். கண் கலங்கிவிட்டது மச்சான். புகையினால் என்று அவளிடம் சொன்னேன்.

அதோடு முடிந்திருந்தால் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று இருந்திருக்கலாம். வெளியே நின்ற கூட்டம், அபாயம் நீங்கியது என்று நான் சொன்னால்தான் உள்ளே வருவோம் என்றுவிட்டது. நான் சரிபார்க்காமல் எப்படிச் சொல்வேன்? மின்பெட்டி பார்த்து, சமையற்கட்டில் சிலிண்டர் பார்த்து, பேனர் கயிற்றை இறுக்கி, அந்த வாலை எடுத்து வேறிடத்தில் மாட்டும்வரை அவர்கள் வெயிலிலேயே வரிசையில் நின்றார்கள். பிரியாணியைக்கூட அங்கேயே நின்று சாப்பிட்டார்கள். கண்ணப்பன், "இன்னா சார், அப்பா வேசத்துல வந்து மண்டபத்தையே காலி பண்ணிட்டியே" என்றார். யாரோ எடுத்த வீடியோ அன்றைக்கே ஊரெல்லாம் சுற்றியது. கொம்பு வைத்தவர்கள் தலை எண்ணிக்கொள்வதும், நான் விசில் ஊதுவதும், சுகப்பிரியா வெள்ளை உடுப்பில் என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வருவதும் அதில் தெளிவாக விழுந்திருக்கிறது. சொர்ணம்மாள் கைக்கு அது இன்னும் வரவில்லை. கல்யாணத்தில் என்ன இனிப்பு போட்டார்கள் என்று அவள் கேட்கும்போதெல்லாம் எனக்கு வேர்க்கிறது.

ஆகவே மச்சான், தங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். மாப்பிள்ளை வீட்டார் அதைப் பார்த்துக் கேட்டால், விசில் ஊதுகிறவர் நம்பிராஜன் இல்லை, அவரைப் போல ஒருவர் என்று சொல்லிவிடுங்கள். அந்தப் பெண் வேறு பெண் என்று அடித்துச் சொல்லுங்கள். தாய்மாமன் என்ற முறையில், இந்த மாலுமிகள் சகவாசத்தை விட்டுவிடும்படி சுகப்பிரியாவைக் கண்டித்து நாலு வரி எழுதுங்கள். தங்கள் சொல்லை அவள் தட்ட மாட்டாள். இந்தச் சம்பந்தம் எக்காரணம் கொண்டும் கை நழுவக் கூடாது. என் உயிர் அதில்தான் இருக்கிறது.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். மாடிப்படியில் கைப்பிடி இல்லாமல் யாரும் ஏற வேண்டாம் என்று சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பை என்றும் மறவாத
நம்பிராஜன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில், நல்லவேளையாகத் தங்கள் தங்கை கடைக்குப் போயிருந்தபோது, மாப்பிள்ளையின் அப்பாவே போன் செய்துவிட்டார். வீடியோவைப் பார்த்தார்களாம். "பொண்ணு மேல நாங்க தப்பா நெனைக்கல சம்மந்தி. கல்யாணத்துக்குப் பொறவு இந்தக் கூத்தெல்லாம் கிடையாதுன்னு நீங்க ஒரு வாக்கு மட்டும் குடுத்தாப் போதும், மத்த எல்லாம் பேசி முடிச்சிருவோம்" என்றார். மேலே எழுதியதில் நான் கேட்டதும் அதுதானே? சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த இருட்டில் அவள் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு வந்தது ஞாபகம் வந்துவிட்டது. "அந்த வாக்க நான் குடுக்க முடியாது அண்ணாச்சி. நீங்க வேற எடம் பாத்துக்கிடுங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். தாங்கள் அவளுக்கு எழுத வேண்டாம். ஒரே ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். இந்தச் சேதியை சொர்ணம்மாளிடம் தாங்களே போனில் சொல்லிவிடுங்கள். சொல்வதற்கு முன்னால் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள், நான் வீட்டை விட்டு வெளியே போய்விடுகிறேன்.