பாங்குக்குப் பத்தடி தூரம்

“புள்ளயக் கிட்டக் கொண்டு வராதீங்க! என்ட உடம்பெல்லாம் இப்ப வெளிச்சம்!”

பிரசவ வார்டு வாசலில், நீலப் போர்வையைக் கழுத்துவரை சுற்றிக்கொண்டு நின்றார் அபூதாஹிர். உள்ளே கட்டிலில் மகள் நஸ்ரியா. மருமகன் சஜீத்தின் கையில் மதியம் பிறந்த பேரன். ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்துக் கப்பல்கள் அந்தி வெயிலில் தூங்கி வழிந்தன.

“என்ன மாமா சொல்றீங்க?”

“காலையில கொழும்பில ஸ்கேன் எடுத்த. சீனி மாதிரி ஒரு மருந்து ஏத்துவாங்க, அதில கதிர்வீச்சு இருக்கு. புற்றுநோய் மிச்சமிருந்தா அந்த இடம் மினுங்குமாம். இண்டைக்கு முழுக்கப் பச்சப் புள்ளயத் தொடப்படாது எண்டு போன கிழமையே சொல்லித்தான் அனுப்பின.”

இரவிலிருந்து எதுவும் சாப்பிட வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார்கள். நோன்பாளிக்கு அதை வேறு சொல்ல வேண்டுமா என்று, கொழும்பில் தம்பி வீட்டில் விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு இரண்டு கிண்ணம் கருப்பட்டி வட்டிலப்பத்தை முடித்துவிட்டுத்தான் போனார்.

அரையிருட்டு அறை. ஊசி குத்திப் போர்வை போர்த்திப் படுக்கவைத்தார்கள். பிறகு ஒரு பெரிய வளையத்துக்குள் மிதந்து போனார். உள்ளே குளிர்ந்த கடல். துடுப்புப் பட்ட இரவுத் தண்ணீர்போல அவருடைய எலும்பெல்லாம் பச்சையாய் மினுங்க, கீரிமீன்கள் விலாவுக்குள் புகுந்து புகுந்து விளையாடின. எவ்வளவு சுகம்! எழும்பிப் பார்த்தால் அறையில் ஒருவருமில்லை. யாரையும் தொந்தரவு செய்யாமல், மகளைச் சேர்த்திருந்த இந்த வார்டுக்கே பஸ் ஏறிவிட்டார். வழியெல்லாம் சட்டைக்குள் குனிந்து, நெஞ்சு இன்னும் மினுங்குகிறதா என்று பார்த்தார். பக்கத்துச் சீட்டுக்காரர் ஹபறணையில் இடம் மாறிக்கொண்டார்.

“அப்ப பாங்க நானே சொல்லிடட்டா, மாமா?”

அபூதாஹிருக்குக் கண் கலங்கியது. நோயில் கிடந்தபோது அவர் அல்லாஹ்விடம் கேட்டது ஒன்றுதான். பேரப்பிள்ளையின் காதில் தன் வாயால் பாங்கு சொல்ல வேண்டும்.

“ஏலா மகன். இங்க நிண்டே சொல்றன்.”

வாசலில் நின்று மெதுவாகச் சொன்னார்.

“எனக்கே கேக்கல்ல வாப்பா” என்றாள் நஸ்ரியா.

அவரோ காலமெல்லாம் கிண்ணியாக் கடலில் வள்ளம் விட்டவர். மூச்சை நிறைத்துத் தொண்டையைத் திறந்தார். பாங்கு தாழ்வாரம் முழுவதும் உருண்டது. நோன்பு திறக்கக் காத்திருந்தவர்கள் அந்தித் தொழுகைப் பாங்கென்று நினைத்துப் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டார்கள்.

“யாரு அது? இன்னம் நேரம் கிடக்கு!” என்று காவலாளி பக்கீர் ஓடிவந்தார்.

போட்டவர்கள் துப்பினார்கள், போடாதவர்கள் சிரித்தார்கள், பேரன் வீரிட்டு அழுதான்.

“போன்ல சொல்லுங்க மாமா” என்று சஜீத் தன் போனைப் பிள்ளையின் காதருகே பிடித்தான்.

அபூதாஹிர் காலையில் அணைத்த போனை இப்போதுதான் போட்டார். எண்ணை அழுத்துமுன் அதுவே அலறியது. பதறிய விரல் ஸ்பீக்கரில் பட, வார்டுக்கே கேட்டது கொழும்புத் தாதியின் குரல்.

“அபூதாஹிர் ஐயாவா? காலையில இருந்து எடுக்கிறம். குத்தின ஊசி ரத்தம் பாக்கத்தான். அதில சீனி கூட எண்டு உங்களுக்கு மருந்தும் ஏத்தேல்ல, ஸ்கேனும் எடுக்கேல்ல. குறட்டை விட்ட ஆளை எழுப்ப வந்தா ஆளையும் காணேல்ல, எங்கட நீலப் போர்வையையும் காணேல்ல!”