கேஸ் இல்லாத சந்தில் கேஸ் வெடித்த விவகாரம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நாலு செப்டம்பரில் லண்டன் மேல் வானத்திலிருந்து எதுவும் விழவில்லை. விழுந்திருந்தால் சர்க்கார் சொல்லியிருக்கும்; சொல்லவில்லை. ஆகவே டோரிஸ் பிளம்மரின் வீட்டைப் பள்ளமாக்கியது, பூமிக்கடியில் ஓடும் கேஸ் குழாய்தான். பக்கத்து வீட்டு எடித் அக்கா அப்போது, பிள்ளையோடு கடைக்குப் போயிருந்த டோரிஸுக்காகக் குழந்தைத் துணிகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கொடி கிடைத்தது. எடித் அக்கா கிடைக்கவில்லை.

டோரிஸ் கைக்குழந்தையோடு சுரங்க ரயில் நிலையத்தில் படுத்தாள். பிள்ளைக்கு இருமல். ஓர் அறை வேண்டும்; அதற்குச் சீட்டு வேண்டும். சீட்டு கொடுப்பவர் வீடிழந்தோர் அலுவலகத்து மிஸ்டர் விட்லாக். கேஸ் அடுப்பில் தேநீர் வைத்துக்கொண்டே கேட்டார்.

"வீடு இடிஞ்ச காரணம்?"

"மேலேருந்து என்னமோ வந்துச்சுங்க சார்."

"மேலேருந்து ஒண்ணும் வர்றதில்லம்மா. கேஸ்னு எழுதிக்கிறேன்."

"எங்க சந்துக்குக் கேஸே வரலியே சார். கரி அடுப்புதான்."

விட்லாக் பேனாவை மூடினார். "அப்ப உன் வீடு காரணமில்லாம இடிஞ்சிருக்கு. அதுக்கு இங்க ஃபாரம் கிடையாது. முதல்ல கேஸ் இணைப்பு வாங்கு. வந்ததும், வெடிச்சதா எழுதிடலாம்."

டோரிஸ் மனுப் போட்டாள். இரண்டு மாதம் நடையாய் நடந்தாள். கடைசியில் ஆட்கள் வந்து, பள்ளத்தின் விளிம்பு வரை குழாய் பதித்து, கேஸைத் திறந்து மூட ஒரு திருகும் வைத்து, ரசீது கொடுத்தார்கள்.

"பாத்து உபயோகிம்மா," என்றான் ஒருவன். "இங்க ஏற்கெனவே ஒரு தடவ வெடிச்சிருக்காம்."

ரசீதோடு ஓடினாள். விட்லாக் முகம் மலர்ந்திருந்தது.

"சேதி தெரியுமா? இத்தனை நாளா வெடிச்சதெல்லாம் ஜெர்மன்காரன் ராக்கெட்டாம். சர்க்காரே சொல்லிட்டாங்க. இனிமே ராக்கெட் விழுந்த வீட்டுக்குத்தான் சீட்டு."

"நல்லதாப் போச்சு. ராக்கெட்னே எழுதுங்க சார்."

"எப்படிம்மா எழுதறது? உன் வீட்லதான் கேஸ் இணைப்பு இருக்கே."

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஆளில்லாத நேரத்தில், விட்லாக்கின் அலுவலகம் பள்ளமாயிற்று. திங்களன்று மாதா கோயில் கூடத்தில் புது மேஜை, புது அதிகாரி, பழைய வரிசை. டோரிஸுக்குப் பின்னால், வேறு அலுவலகம் கேட்கும் மனுவோடு விட்லாக் வந்து நின்றார்.

டோரிஸ் பிள்ளையைத் தோள் மாற்றிக்கொண்டு, தணிந்த குரலில் கேட்டாள்.

"உங்க ஆபீஸ்ல கேஸ் இருந்துச்சுங்களா சார்?"

"தேநீர் போட மட்டும்," என்றார் விட்லாக்.

வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. எல்லார் கையிலும் கேஸ் ரசீது இருந்தது.