செவ்வாய்க்கிழமைக் கள்ளன்

என் மனைவி அன்னலட்சுமி தற்காப்பு வகுப்பில் சேருவதென்று தீர்மானித்த அதே நிமிஷத்தில், அவளை எந்த வகுப்பிலும் சேரவிடுவதில்லை என்று நானும் தீர்மானித்தேன். அவள் தன் தீர்மானத்தை வாய்விட்டுச் சொன்னாள். நான் மனதுக்குள் சொன்னேன். பதினேழு வருஷமாக எங்கள் வீட்டில் தீர்மானங்கள் இப்படித்தான் எடுக்கப்படுகின்றன.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு. ஒரு வியாழக்கிழமை பின்னேரம் திருகோணமலைச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு இருவரும் நடந்து வந்தோம். பின்னால் சைக்கிளில் வந்த ஒருவன் அன்னத்தின் தோளில் கிடந்த பையைப் பிடித்து இழுத்தான். அவள் விடவில்லை. அவன் இன்னும் இழுத்தான். அவள் விழுந்தாள். பை போய்விட்டது.

பக்கத்தில் ஒரு ஆண்பிள்ளை நின்றான். ஒரு கையில் பூசணிக்காய், மறு கையில் குடை. அது நான்தான். அந்த நேரத்தில் என் வாயிலிருந்து ஒரே ஒரு வசனம் வந்தது.

“தம்பி, பாத்துப் போங்கோ.”

பையில் அன்னத்தின் அடையாள அட்டை இருந்தது. அந்த நாட்களில் எங்கள் ஊரில் அடையாள அட்டை இல்லாத மனுஷன் அரை மனுஷன். சந்திக்குச் சந்தி ஆமிச் சென்றி, அட்டையைக் காட்டாமல் தாண்ட முடியாது. புது அட்டை வரும்வரை பொலிஸ் தந்த கடதாசித் துண்டைக் காட்டிக்கொண்டு திரிந்தாள். ஒருநாள் அந்தத் துண்டை நம்பாமல் வெயிலில் இரண்டு மணித்தியாலம் நிறுத்திவைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவள் ஒன்றும் கதைக்கவில்லை. ரேடியோ திடீரென்று நின்றால் நாட்டில் என்னவோ நடக்கப்போகிறது என்று அர்த்தம். அன்னம் நின்றாலும் அப்படித்தான்.

அன்று இரவுச் சாப்பாட்டில் அது நடந்தது.

“இஞ்சாருங்கோ, நான் தற்காப்புப் பழகப்போறன்.”

“உமக்குத்தான் ரெண்டு கையிலயும் காப்புக் கிடக்கே. இன்னும் என்ன காப்பு?”

“பகிடி விடாதேங்கோ. விழுந்து எழும்பினது நான். நீங்கள் பூசணிக்காயைத்தானே காப்பாத்தினீங்கள்.”

பூசணிக்காய் அப்போது இலையில் கறியாகக் கிடந்தது.

ஆனால் நியாயம் வேறு, பயம் வேறு. இவ்வளவு காலமும் வாய் ஒன்றை மட்டும் வைத்து என்னை ஆண்டவள் இவள். அதோடு கையும் காலும் சேர்ந்தால் முப்படையும் ஒரே ஆளின் கட்டளையில் வந்துவிடும். என் கதி என்ன?

“நல்ல விஷயம்,” என்றேன். “ஆனா, கண்ட கண்ட வகுப்பில சேரக்கூடாது. நான் போய் விசாரிச்சு நல்லதாப் பாத்துச் சொல்லுறன்.”

“நீங்கள் பாத்தாச் சரிதான்,” என்றாள்.

அவள் இவ்வளவு இலகுவாக ஒத்துக்கொண்டதில் நான் சந்தேகப்பட்டிருக்கவேண்டும். சந்தோஷப்பட்டேன்.

முதலில் ஜெமீல் மாஸ்டரின் கராத்தே வகுப்பு. நல்ல மனுஷன். தேத்தண்ணி தந்தார். ஓடு ஒன்றை ஒரு கையால் உடைத்துக் காட்டினார். வீட்டுக் கூரையில் உள்ள ஓடுகளை நினைத்துக்கொண்டேன்.

“சரிவராது, அன்னம்.”

“ஏன்?”

“ஒவ்வொரு அடிக்கும் ‘ஹா’ எண்டு கத்தவேணும்.”

“கத்தினா என்ன?”

“மதிலுக்கு அங்கால சென்றி. இருபது பேர் ஒண்டாக் கத்தினா அவங்கள் என்னண்டு நினைப்பாங்கள்? நாங்கள் கராத்தே அடிக்க, அவங்கள் வேற என்னத்தாலயோ அடிப்பாங்கள்.”

“அதுவும் சரிதான்.”

ஒன்று தொலைந்தது. அடுத்தது உவர்மலையில் அருளம்பலத்தாரின் சிலம்பம். ஆள் கம்பைச் சுழற்றினால் காற்று விசிறும். மின்சாரம் இல்லாத வீட்டுக்கு உகந்த கலை. ஆனால் என் வீட்டுக்கு உகந்ததல்ல.

“அதுவும் சரிவராது, அன்னம்.”

“அதுக்கென்ன குறை?”

“ஆறடிக் கம்பு. போகேக்க ரெண்டு சென்றி, வரேக்க ரெண்டு சென்றி. என்னத்துக்கு இந்தக் கம்பு எண்டு கேட்டா என்ன சொல்லுவீர்?”

“வேலி கட்ட எண்டு சொல்லுறன்.”

“கிழமைக்கு ரெண்டு நாளும் வேலி கட்டுறியோ எண்டு கேப்பாங்கள்.”

“ஓம், அதுவும் சரிதான்.” பெருமூச்சு விட்டாள். “அப்ப இந்த யோசனையையே விடுவம். ஸுல்பிகா ரீச்சர் எண்டு ஒரு உடற்பயிற்சி ரீச்சர் பொம்பிளையளுக்கு மட்டும் ஒண்டு நடத்துறாவாம். எங்கட வாசிகசாலை வளவிலதான். ஆனா அது சின்னப்பிள்ளையளின்ர விளையாட்டாம். ஓடவும் சத்தம் போடவும்தான் பழக்குறாவாம். எனக்கு உது வேண்டாம்.”

என் மூளையில் ஒரு விளக்கு எரிந்தது. அடிக்கப் பழக்காத வகுப்பு! ஓடப் பழக்குகிற வகுப்பு! மனைவி தற்காப்புப் படித்ததாகவும் ஆகும், எனக்கு ஒரு கீறலும் விழாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவளுக்கு அது பிடிக்கவும் இல்லை. இதைவிட என்ன வேண்டும்?

“உதுதான் சரியான வகுப்பு!” என்றேன்.

“எனக்கு விருப்பமில்லை எண்டு சொல்லுறன்.”

“உமக்கு என்ன தெரியும்? நான் நாளைக்கே போய்ப் பதியிறன்.”

ஸுல்பிகா ரீச்சர் மெலிந்த, சின்ன உருவம். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்த முகத்தோடு வரவேற்றார்.

“வாங்க அண்ணன், இரிங்க. நாங்க ஆரையும் அடிக்கப் பழக்கிறல்ல. பிடிச்சா விடுவிச்சிட்டுப் போகத்தான் பழக்கிற.”

“அருமை, ரீச்சர். அதுதான் நாகரிகம்.”

“இதில ஒரு கையொப்பம் போடுங்க.”

ரோணியோ மெஷினில் பிரதி அடித்த தாள். மை மங்கல். இருபது வருஷமாகக் கந்தோரில் உட்கார்ந்து, வருகிற சனத்துக்கெல்லாம் “வாசிச்சுப் பாத்துக் கையொப்பம் போடுங்கோ” என்று புத்தி சொல்லுகிறவன் நான். வாசிக்காமல் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு அன்னத்தை நானே கூட்டிக்கொண்டு போனேன். வாசிகசாலை வளவில் மணல் கொட்டிப் பரவியிருந்தார்கள். அன்னத்தோடு சேர்த்துப் பதினொரு பெண்கள். அதில் எங்கள் பக்கத்து வீட்டு நல்லம்மா அக்காவும் ஒருத்தி. வயது ஐம்பத்தெட்டு, நிறை அதைவிடக் கொஞ்சம் கூட. எங்கள் ஊர் வீதிகளில் திரிகிற மான்களில் இரண்டு வேலி ஓரமாகப் புல் மேய்ந்துகொண்டிருந்தன. நான் ஒரு கதிரையைத் தேடினேன்.

“அண்ணன், நீங்க நடுவில வந்து நில்லுங்க,” என்றார் ஸுல்பிகா ரீச்சர்.

“நான் ஏன் ரீச்சர்? நான் சும்மா பாக்க வந்தனான்.”

“நீங்கதான் கள்ளன்.”

“ஆர், நானோ?”

ரீச்சர் தாளை எடுத்து வாசித்தார். கீழே கையொப்பமிட்ட சோமசேகரம் ஆகிய நான், செவ்வாயும் சனியும், மூன்று மாத காலத்துக்கு, இவ்வகுப்பில் தாக்குபவராகக் கடமையாற்றச் சுயவிருப்பத்தோடு சம்மதிக்கிறேன்.

கையொப்பம் என்னுடையதுதான். வடிவாகப் போட்டிருந்தேன்.

“ஆம்பிளை ஒராள் இழுத்துப் பாத்தாத்தானே இவங்களுக்குப் பயம் தெளியும்,” என்றார் ரீச்சர். “ம், நல்லம்மா அக்காட பையை இழுங்க.”

நான் மரியாதையோடு இழுத்தேன். நல்லம்மா அக்கா என் மணிக்கட்டைத் திருப்பி, ஒரு அடி பின்னால் வைத்து, இருந்தாற்போல் இருந்துவிட்டா. என் மேல். மான்கள் மேய்வதை நிறுத்திவிட்டுப் பார்த்தன.

அடிக்கப் பழக்குவதில்லை என்று ரீச்சர் சொன்னது முழு உண்மை. ஒருத்தியும் என்னை அடிக்கவில்லை. முறுக்கினார்கள், தள்ளினார்கள், இடறினார்கள், சரித்தார்கள். அடித்தது நிலம்தான். கந்தோரில் நொண்டுவதற்குக் காரணம் கேட்டார்கள். வாதம் என்றேன். “என்ன வாதம்?” என்றார்கள். “பிடிவாதம்” என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அன்னத்தின் முறை மட்டும் சரியாக வரவில்லை. நான் பையில் கை வைத்தால் போதும், பையை விட்டுவிடுவாள். ஐந்தாம் கிழமையும் அப்படித்தான். பிடியை விட்டேன்.

“என்னத்துக்கு விட்டீங்கள்?” என்றாள்.

“பயப்பிடுறீர்.”

“நிப்பாட்டாதேங்கோ. அவன் நிப்பாட்டேல்லைத்தானே.”

அவள் கண் கலங்கியிருந்தது. அந்த வெயிலும் அந்தச் சென்றியும் அந்தச் சைக்கிளும் அதில் தெரிந்தன. அன்றைக்குத்தான் நான் முதன்முதலாக உண்மையான கள்ளனாக இழுத்தேன். முழுப் பலத்தோடு இழுத்தேன்.

“விடு!” என்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு வானம் தெரிந்தது. பதினேழு வருஷத்துக்கு முன் நான் கைப்பிடித்தவள், அன்று என்னை மணிக்கட்டில் பிடித்து மணலில் போட்டிருந்தாள். மற்றப் பத்துப் பெண்களும் கைதட்டினார்கள். மணலில் கிடந்தபடியே நானும் தட்டினேன். ஒரு கையால்தான். மற்றக் கை அவளிடம் இருந்தது.

அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமை என்றால் அவளுக்கு நடையே மாறிவிடும். கொண்டைகூட அவிழாமல் என்னை நாலு தரம் விழுத்திவிட்டு, வீட்டுக்கு வந்து நல்லெண்ணெய் பூசிவிடுவாள். பாரை மீன் பொரித்துத் தருவாள். கள்ளனாக இருப்பதில் ஒரு சுகமும் இருந்தது.

மூன்றாவது மாதம் சந்தை வீதியில் அது நடந்தது. பட்டப்பகல். சைக்கிளில் ஒருவன் வந்தான். பழைய ஆளோ புது ஆளோ தெரியாது. அன்னத்தின் பையில் கை வைத்தான்.

“விடு!” என்றாள்.

அவன் மணிக்கட்டைத் திருப்பினாள். ஒரு அடி பின்னால் வைத்தாள். சைக்கிள் ஒரு பக்கம், ஆள் மறுபக்கம். பீற்றூட் குவியலுக்குள் தலைகீழாகப் போனான். சந்தையே திரும்பிப் பார்த்தது.

பார்த்தவர்கள் இன்னொன்றையும் பார்த்தார்கள். வீதியின் நடுவில் இன்னொரு ஆம்பிளையும் மல்லாக்க விழுந்து கிடந்தான். அவனை ஒருவரும் தொடவில்லை. “விடு” என்ற சத்தம் காதில் விழுந்ததும் மூன்று மாதப் பழக்கத்தில் தானாகவே விழுந்துவிட்டான்.

“ரெண்டு பேரையுமா விழுத்தினவ?” என்று மரக்கறிக்காரர் வாயைப் பிளந்தார்.

“இல்லை, அவர் என்ர மனுஷன்,” என்று அன்னம் சொன்னாள். எனக்குக் கை தந்து தூக்கிவிட்டாள். அதற்குள் பீற்றூட்டுக்குள் விழுந்தவன் சைக்கிளையும் விட்டுவிட்டு ஓடிவிட்டான். பை அவள் தோளில் இருந்தது.

அன்று பின்னேரம் ஸுல்பிகா ரீச்சர் வீட்டுக்கு வந்தார். சந்தோஷத்தில் வாய் மூடவில்லை.

“எல்லாம் உங்கட மிஸிஸிட மூளைதான் அண்ணன். வகுப்பு தொடங்கக்குள்ள பதினொரு பேரிட மாப்பிள்ளைமாரில பத்துப் பேர்ட்ட கேட்டம். ஒருத்தரும் வரமாட்டன் எண்டுட்டாங்க. இவங்கதான் சொன்னாங்க, ‘என்ர அவரைக் கேக்கவே வேணாம். எனக்கு விருப்பமில்லை எண்டு சொன்னாப் போதும், தானா வந்து பதிவார்’ எண்டு.”

நான் அன்னத்தைப் பார்த்தேன். அன்னம் குசினிக்குள் தேத்தண்ணி போடப் போனாள்.

ரீச்சர் போனதும் யோசித்தேன். அப்படியா சங்கதி? வேண்டாம் என்றால் வேண்டும்! இவளுடைய பூட்டின் திறப்பு கடைசியில் என் கையில் கிடைத்துவிட்டது. இனி ஒரு கதைக்கும் ஏமாறமாட்டேன்.

தேத்தண்ணியோடு அன்னம் வந்தாள்.

“மூதூரிலயும் ஒரு வகுப்புத் தொடங்கப் போகினமாம். இருபத்தெட்டுப் பேர். அங்கயும் கள்ளனுக்கு ஆள் இல்லையாம்.”

“ஓ.”

“நீங்கள் போகவேண்டாம். லாஞ்சில குடாவைக் கடக்கவேணும். கடல் அடிக்கும். உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது. எனக்குத் துண்டற விருப்பமில்லை.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அதே வலை! அதே தூண்டில்! கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன்.

“சரி அன்னம். நீர் சொன்னாச் சரி. நான் போகேல்லை.”

அவள் முகம் சுருங்குமென்று பார்த்தேன். மலர்ந்தது.

“நல்லது. அப்பாடா! நீங்கள் போறன் எண்டு நிண்டிடுவீங்களோ எண்டுதான் பயந்தனான். அப்ப ரீச்சருக்குச் சொல்லிவிடுறன், அவையள் சனிக்கிழமை லாஞ்சில இஞ்ச வரட்டும். இருபத்தெட்டுப் பேருக்கும் எங்கட வளவு காணும். காலமைக்குப் புட்டு. தேங்காய் நீங்கள் துருவுங்கோ, துருவிப்போட்டு விழலாம்.”

நான் தேத்தண்ணியைக் கீழே வைத்தேன்.

“மூதூருக்கு முதல் லாஞ்ச் எத்தனை மணிக்கு?” என்று கேட்டேன்.