டோரிஸ் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது

லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ்,
பிப்ரவரி 1971

கர்த்தருக்குள் பிரியமான சிலாஸ் அத்தானுக்கு,

தங்கள் தங்கை புருஷன் தியோடர் வணக்கத்துடன் எழுதுவது. தேவகிருபையால் டோரிஸும் பிள்ளைகளும் சுகம். என் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன வாரம் நாம்பள்ளி எக்ஸிபிஷனில் கூட்டத்தில் பிரிந்துவிட்டோம். டோரிஸ் "என்னங்க" என்று கத்தியிருக்கிறாள். நாலைந்து தமிழர்கள் திரும்பியிருக்கிறார்கள், ஒரு மதுரைக்காரர் பக்கத்திலேயே வந்து "என்ன?" என்று கேட்டிருக்கிறார். நான் மட்டும் திரும்பாமல் மிர்ச்சி பஜ்ஜிக் கடையில் நின்றேன். உடனே உங்கள் தங்கை "தியோடர்!" என்று கூப்பிட்டாள். ஒர்க்‌ஷாப் ஃபோர்மேன்தான் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்; அவரென்று நினைத்து பஜ்ஜியைக் கீழே போட்டு விறைப்பாக நின்றேன். பக்கத்து வீட்டு ஜார்ஜ் குடும்பத்தோடு பார்த்தார். வீட்டுக்கு வந்து, "அவசரத்துக்குக் கூப்பிட்டே, சரி. இனிமே நக்கோ, வேணாம்" என்றேன், இந்த ஊர் உருதுவும் கலந்து. "கைக்கு? ஏன் வேணாம்? பேரு வச்சது கூப்பிடத்தானே, தியோடர்?" என்றாள்.

அதோடு நிற்கவில்லை. சனிக்கிழமை பிள்ளைகள் சர்ச்சில் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தபோது, கட்டிலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "தியோடர், இத்தனை வருஷத்துல நீங்க என்னைத் தொடுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை பேசினதுண்டா? எனக்குப் பிடிக்குதான்னு கேட்டதுண்டா?" என்றாள். நான் என்ன செய்வேன் அத்தான்? கல்யாணத்தன்று உங்கள் அப்பா "குடும்பத் தலைவனா கம்பீரமா இருங்க மாப்ளே" என்று மட்டும்தான் சொன்னார். நானும் கம்பீரமாக இருந்துவிட்டேன். அதை அவளிடமே சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பிறகு, பிடிக்குதா என்று கேட்டேன். நிறையச் சொன்னாள். அதற்குப்பின் நடந்ததை அவள் அண்ணனுக்கு எழுதுவது முறையல்ல. நன்றாக இருந்தது என்பதோடு நிறுத்துகிறேன். அதுவும் எனக்குப் பிடித்ததா என்று அவள் திருப்பிக் கேட்டதால்தான் எனக்கே தெரிந்தது.

இப்போது ஷேவ் செய்யும்போது பாட்டு வருகிறது. கன்னத்தில் இரண்டு வெட்டு. ஃபிட்டர் துரைராஜ், "சார், பிரமோஷனா?" என்கிறான். இப்படியே போனால் என் கம்பீரம் என்ன ஆவது? மூத்தவர் என்ற முறையில் அவளுக்கு நாலு வரி கண்டித்து எழுதவும்.

அக்காவுக்கு ஸ்தோத்திரம், பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

தங்கள்,
தியோடர்

பி.கு.: உங்களுக்கு எழுதுவதாக டோரிஸிடம் சொன்னேன். "சரிங்க" என்றாள். நேற்றிலிருந்து மறுபடியும் "என்னங்க"தான். சாப்பாடு வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்கு ஒன்றும் எழுத வேண்டாம். எழுதுவதானால், சமாதானம் செய்வது எப்படி என்று எனக்கு எழுதவும், தாமதமில்லாமல்.