ராயப்பர் கழுத்தில் தொங்கிய வெள்ளிக்காசு

பிள்ளைகளே, முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உங்கள் அப்பன் ஒரு கொலைகாரனுக்கு மூன்று மாதம் மெழுகுவர்த்தி ஏற்றி, முழங்காலில் நின்று கும்பிட்டவன். தெரியாமல்தான் செய்தேன். ஆனாலும் ஏற்றியது ஏற்றியதுதானே! உங்கள் அம்மா இந்தக் கதையை வருகிற விருந்தாளிக்கெல்லாம் சொல்லி, ஒவ்வொரு தடவையும் என் முட்டாள்தனத்தில் ஒரு படி கூட்டிவிடுகிறாள். அதனால் நடந்தது நடந்தபடி நானே எழுதி வைக்கிறேன். (நான் படித்தது மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு. பிழை இருந்தால் வாத்தியாரைக் குறை சொல்லுங்கள்.)

அது பேரியாற்றில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். நான் கூடலூரிலிருந்து மலைக்குச் சுண்ணாம்பு மூட்டை ஏற்றிப்போகும் வண்டிக்காரன். வயது இருபத்திரண்டு. கம்பத்துப் பக்கம் புஞ்சை உழுகிறவர்களுக்கு எப்போதாவது மண்ணுக்குள்ளிருந்து சின்ன வெள்ளிக்காசு கிடைக்கும். நாலணாக் காசு அளவுதான் இருக்கும். ஒரு பக்கம் ஒரு மனிதத் தலை. எனக்கு அந்தக் காசுகளைச் சேர்க்கிற பைத்தியம் பிடித்தது. சிலருக்குச் சேவற்சண்டை, சிலருக்குச் சீட்டு, எனக்கு இது. வெற்றிலை, புகையிலை, கருப்பட்டி என்று எதையாவது கொடுத்து மாற்றிக்கொள்வேன். என் பைத்தியம் ஊருக்குத் தெரிந்ததும் ஆளாளுக்கு நீட்ட ஆரம்பித்தார்கள். ஒரு புண்ணியவான் ஏதோ துரையின் கோட்டுப் பொத்தானை மண்ணில் புரட்டிக் கொண்டுவந்து, அரை வீசைப் புகையிலையோடு போனார். (அந்தப் பொத்தானும் பத்திரமாக இருக்கிறது.)

என்னிடம் சேர்ந்த பதினொரு காசில் அழகானது மாயாண்டி உழவில் எடுத்தது. தலையைச் சுற்றி இலைக்கிரீடம், தடித்த கழுத்து. பின்பக்கம் நாற்காலியில் உட்கார்ந்த ஓர் அம்மாள், கையில் தட்டு. அதற்காக என் சண்டைச் சேவலையே கொடுத்தேன். மாயாண்டிக்கே பாவமாகிவிட்டது.

"ஏலே சவரி, இந்தாளு மூஞ்சியப் பாருலே. வரி வசூல் பண்ண வந்தவன் மாதிரியில்ல இருக்கான்! இவனுக்குப் போயிச் சேவலக் குடுக்கிறயே?"

மலைமேல் சாமான் கிடங்கில் கணக்கு எழுதுகிற ஒருவரிடம் காட்டினேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ரோமாபுரிக் காசுப்பா. ரொம்பப் பழசு" என்றார். யாருடைய தலை என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இதை எழுதவே வேண்டியிருக்காது. நான் கேட்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! ரோமாபுரியில் யார் இருக்கிறார்? பாப்பரசர். முதல் பாப்பரசர் யார்? யேசுவின் சீடர் அர்ச்சியசிஷ்ட ராயப்பர், வெள்ளைக்காரர் பீட்டர் என்பாரே, அவர். தலையில் கிரீடம் வேறு. மீன் பிடித்த ஆளுக்குக் கழுத்து தடித்துத்தானே இருக்கும்! பின்பக்கம் இருப்பது தேவமாதா. தட்டு எதற்கு? வேதத்தில் வருகிற கானாவூர்க் கல்யாணத்தில் பரிமாறுகிறார்கள்.

கல்யாணம் என்றதும் எனக்கு யோசனை வேறு பக்கம் ஓடியது. அடுத்த ஊர் உபதேசியார் மகள் ஆரோக்கியத்தைக் கட்டவேண்டும் என்று எனக்கு ஆசை. உபதேசியார் என்றால், சாமியார் வராத நாளில் கோவிலைப் பார்த்துக்கொண்டு செபம் சொல்லிக்கொடுப்பவர். அவருக்குப் பெரியகுளத்து வாத்தியார் ஒருவர்மேல் கண். வாத்தியார் எங்கே, சுண்ணாம்பு மூட்டை எங்கே? பொன்னாசாரியிடம் காசுக்கு ஒரு வளையம் பற்றவைத்து, நூலில் கோத்து, நேரே அவர் வீட்டுக்குப் போனேன்.

"மாமா, ரோமாபுரியில இருந்து ராயப்பரே வந்திருக்காக."

அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு சந்தேகம் வந்துவிட்டது. "நம்ம கோயில் சுரூபத்துல ராயப்பருக்கு நெஞ்சு வரைக்கும் தாடி இருக்கே. இதுல தாடி எங்க?"

"ரோமாபுரிக்குப் போனதும் சிரைச்சிருப்பாக மாமா. அங்கன எல்லாம் நாகரிகமான ஆளுகள்ல?"

(இதை நான் சொன்னபோது கதவுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை, சிரிப்பு என்று உங்கள் அம்மா பிற்பாடு சொன்னாள்.)

உபதேசியார் நம்பிவிட்டார். கோவிலில் மரத்தால் செய்த ராயப்பர் சுரூபத்தின் கழுத்திலேயே காசை மாட்டிவிட்டார். இரண்டு ஊருக்கும் அது ஒன்றுதான் கோவில். வந்தவர்களெல்லாம் தொட்டுத் தொட்டுக் கும்பிட்டார்கள். நான் கல்யாணம் கூடவேண்டும் என்று மெழுகுவர்த்தி ஏற்றினேன். மூன்றாம் மாதம் கூடியது. வாத்தியாருக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று தடவை கோவிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை தெரிந்தவர் சொல்லலாம் என்று. இரண்டு ஓலை முடிந்தது. மூன்றாவதை வாசிக்கச் சாமியாரே வந்தார். பிரான்சு தேசத்துக்காரர், தமிழைப் புத்தகம் போலப் பேசுவார். ஓலையைக் கையில் எடுத்தவர் சுரூபத்தைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, கிட்டப் போய்க் காசைத் திருப்பிப் பார்த்தார்.

"இவனை இங்கே கொண்டுவந்தது யார்?"

"அவரு ராயப்பர் சாமி" என்றார் உபதேசியார்.

"இல்லை. இவன் நீரோ. ராயப்பரைத் தலைகீழாகச் சிலுவையில் அறைந்து கொன்ற ரோமாபுரிச் சக்கரவர்த்தி. கொன்றவனைக் கொல்லப்பட்டவர் கழுத்திலேயே மாட்டியிருக்கிறீர்."

"பின்பக்கம் தேவமாதா இருக்காகளே சாமி!" என்றேன் நான், விடாமல்.

"அது அவர்கள் கும்பிட்ட அம்மன்."

உபதேசியார் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு மூட்டைச் சுண்ணாம்பு நீற்றியிருக்கலாம். கையைத் தூக்கினார்.

"தடை இருக்கு சாமி!"

"என்ன தடை?"

"மாப்பிள்ள மடையன் சாமி!"

சாமியார் யோசித்தார். "மடமை விவாகத்துக்குத் தடை என்று திருச்சபைச் சட்டத்தில் இல்லை. இருந்தால் உலகத்தில் ஒரு விவாகமும் நடக்காது."

"என் மகளக் கேளுங்க சாமி. அவ சம்மதிக்கமாட்டா!"

பெண்கள் பக்கமிருந்து ஆரோக்கியம் எழுந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அப்பனைப் பார்த்துத்தான் பேசினாள்.

"இவுக தாடி சிரைச்ச கதையச் சொன்ன அன்னைக்கே இவுக எப்படின்னு எனக்குத் தெரியும்ப்பா. தெரிஞ்சுதான் சம்மதிச்சேன். நம்பினது நீங்கதான். நான் ராயப்பருகிட்ட வாத்தியாரு வேணாமுன்னு கேட்டேன். அவுகளும் குடுத்துட்டாக. நடுவுல இந்த நீரோ தொங்குனா எனக்கென்ன?"

சாமியார் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது. "மேல்விலாசம் சரியாக இருந்திருக்கிறது. கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது" என்று சொல்லி மூன்றாவது ஓலையை வாசித்தார்.

பிறகுதான் தெரிந்தது, சாமியாருக்கும் என் பைத்தியமே என்று. மற்றப் பத்துக் காசையும் அவருக்கே கொடுத்துவிட்டேன். பதிலுக்கு அசல் ராயப்பர் பதக்கம் ஒன்று தந்தார், தாடியோடு. (பொத்தானை மட்டும் வேண்டாம் என்றுவிட்டார்.)

நீரோவை உங்கள் தாத்தா விடவில்லை. பொன்னாசாரியிடம் போய், உச்சந்தலையில் இருந்த வளையத்தை எடுத்துக் கழுத்துக்குக் கீழே பற்றவைத்தார். "ராயப்பரத் தலைகீழா அறைஞ்சான்ல, இவனும் தலைகீழாத் தொங்கட்டும்" என்று சொல்லி மகளுக்குச் சீதனமாகக் கொடுத்தார். உங்கள் அம்மாவின் சாவிக்கொத்தில் ஒருவன் தலைகீழாகத் தொங்குகிறானே, ஏன் என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்களே, இதுதான் காரணம்.

இன்றைக்கும் நான் எதையாவது அடித்துச் சொன்னால் உங்கள் அம்மா ஒன்றும் மறுத்துப் பேசுவதில்லை. சாவிக்கொத்தை ஒரு ஆட்டு ஆட்டி, "தாடி எங்க?" என்பாள், அவ்வளவுதான். நேற்றுக் காலையில், மழை வராது, நெல்லைக் காயப்போடலாம் என்று சொன்னேன். அவள் வாயைத் திறப்பதற்குள் கடைக்குட்டி கேட்டுவிட்டது, "தாடி எங்கப்பா?"

நெல் நனைந்துதான் போயிற்று.