அங்கி போட்டவர் அனைவரும் தேறியவர்

பொருளாதாரத் துறைக்கு ஆள் சேரவில்லை. சேர்ந்த சிலரும் பக்கத்துக் கட்டடத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். அங்கே கம்ப்யூட்டர் துறை இருந்தது, ஏசியும் இருந்தது. இந்த நெருக்கடியைத் தீர்க்கத் துறைத்தலைவர் தலைமையில் உயர்மட்டக் குழு கூடியது. பிஸ்கட் தீரும்வரை ஆழ்ந்து விவாதித்து, பாடத்தை மாற்றுவதைவிடப் பலகையை மாற்றுவது சுலபம் என்ற வரலாற்றுச் சிறப்புமிக்க முடிவுக்கு வந்தது. பழைய பலகையின் முதுகில் 'பொருளாதாரம் மற்றும் பிசினஸ் அனலிட்டிக்ஸ் துறை' என்று எழுதி, திருப்பி, அதே ஆணியில் மாட்டினார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, மறுவருஷம் கூட்டம் அலைமோதியது. துறைத்தலைவர் அதே பழுப்பேறிய குறிப்புகளைத்தான் வாசித்தார். முன்பெல்லாம் "தேவை கூடினால் விலை கூடும்" என்பார். இப்போது "டேட்டா சொல்வது என்னவென்றால், தேவை கூடினால் விலை கூடும்" என்றார். பிள்ளைகள் புல்லரித்துப்போய் எழுதிக்கொண்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒருத்தி, பஸ் கண்டக்டர் மகள். வகுப்பில் எல்லாரும் அவளை 'ஜன்னல்' என்றுதான் கூப்பிடுவார்கள். காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த அறையில் சுற்றுகிற ஃபேன் ஒன்றே ஒன்று. அது கடைசி வரிசையில், ஜன்னலோரம் இருந்தது. மற்றதெல்லாம் அலங்காரத்துக்கு. விவரமான பெண், முதல் நாளே அதற்குக் கீழே இடம் பிடித்துவிட்டாள். நன்றாகவும் படித்தாள். கடைசி வருஷத்தில் ஒரு கம்பெனி அவளைப் பார்த்துப் பேசி, "பட்டத்தைக் கொண்டு வாங்க, நாற்காலி தயார்" என்று சொல்லிவிட்டது.

அன்றிலிருந்து அவள் அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்கும்போதெல்லாம், "என் பொண்ணு அனலிட்டிக்ஸ் படிக்கிறா" என்பதையும் சேர்த்துக் கொடுத்தார். "அப்படின்னா என்னங்க?" என்று ஒரு பயணி கேட்டுத் தொலைத்தார். "அதெல்லாம் சொன்னாப் புரியாது. உள்ள தள்ளி நில்லுங்க" என்றார் அப்பா. நின்று நின்று அவருக்கு முழங்கால் தேய்ந்து போயிருந்தது. வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் காலை விட்டுக்கொண்டு, "இவ வேலைக்குப் போயிட்டா நான் உக்காந்துடுவேன்" என்பார். வீடே அந்தப் பட்டத்தை நம்பித்தான் இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் துறைத் தாழ்வாரத்தில் ஒரு பெரிய திரை வந்து இறங்கியது. அதற்கு 'முன்னறிவு' என்று பெயர் வைத்தார்கள். மாணவர் எந்த வரிசையில் உட்காருகிறார், எப்போது நூலகம் போகிறார், கேன்டீனில் எவ்வளவு நேரம் சிரிக்கிறார் என்பதையெல்லாம் கூட்டிக் கழித்து, அவர் தேறுவாரா மாட்டாரா என்று பரீட்சைக்கு முன்பே சொல்லிவிடும். ஜன்னலின் பெயருக்கு எதிரே சிவப்பு எழுத்தில் நின்றது: தேறமாட்டார்.

அவள் துறைத்தலைவர் அறைக்கு ஓடினாள்.

"சார், இதுவரைக்கும் எல்லாப் பரீட்சையிலயும் நான்தான் சார் முதல்."

"அது கடந்த காலம்மா. இது எதிர்காலத்தைப் பார்க்குது. கடைசி வரிசையில உட்கார்றவங்க தேறமாட்டாங்கன்னு டேட்டா சொல்லுது."

"அங்கதானே சார் ஃபேன் சுத்துது?"

"ஃபேன் நம்ம மாடல் போடற கணக்குல இல்லையே!"

"அப்ப நாளையிலேருந்து முன்னாடி வந்து உக்காந்துடறேன் சார்."

துறைத்தலைவர் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "வேண்டாம்மா. கடைசி நேரத்துல இடம் மாறினா பதட்டத்துல இருக்கேன்னு அர்த்தம். இப்பவாவது சாதாரணமாத் தேறமாட்டே. அப்புறம் கண்டிப்பாத் தேறமாட்டே."

ஜன்னல் ஃபேனுக்கு அடியிலேயே உட்கார்ந்து விழுந்து விழுந்து படித்தாள். பரீட்சை முடிவு வந்தது. அவள்தான் முதல்.

வேறு எங்கேயாவது இது நல்ல செய்தி. துறையில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. மற்ற எல்லார் விஷயத்திலும் முன்னறிவு சொன்னது அப்படியே பலித்திருந்தது. பலிக்காமல் என்ன செய்யும்? 'தேறமாட்டார்' என்று பார்த்தவர்கள் மனசு விட்டுப்போய்ப் புத்தகத்தை மூடிவிட்டார்கள். விடைத்தாள் திருத்தியவர்களும் திரையை ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் பேனா மூடியைக் கழற்றினார்கள். ஜன்னலின் தாள் மட்டும் கட்டு மாறி, திரையே இல்லாத ஏதோ ஒரு கல்லூரிக்குப் போய், அங்கே யாரோ அதைப் படித்துப் பார்த்துத் திருத்தித் தொலைத்துவிட்டார்கள். 'முழுத் துல்லியத் துறை' என்ற விருது கைக்கு எட்டிய நேரத்தில் இப்படி ஒரு கரும்புள்ளி.

உயர்மட்டக் குழு மறுபடி கூடியது. கூட்டத்தோடு ஒட்டாமல் தனியாக நிற்கும் புள்ளிக்கு அவுட்லயர் என்று பெயர். அதை நீக்கினால்தான் டேட்டா சுத்தமாகும் என்று யாரோ எடுத்துச் சொன்னார்கள். தீர்மானம் எழுதப்பட்டது: 'மேற்படி மாணவி கூட்டத்தோடு ஒட்டாத புள்ளியாக விளங்குவதால், தரவுத் தூய்மையைக் கருத்தில்கொண்டு, அன்னாரைச் சகல மரியாதைகளுடனும் நீக்குவதென ஏகமனதாக முடிவு செய்யப்படுகிறது.'

மறுநாள் கேட்டில் ஜன்னலின் கார்டு வேலை செய்யவில்லை. காவலாளிக்குத் தெரியாமல் ஒரு பேராசிரியரின் முதுகோடு ஒட்டிக்கொண்டு உள்ளே நுழைந்து, அலுவலகக் குமாஸ்தாவிடம் போய் நின்றாள். அவர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"நீங்க இல்லையேம்மா."

"இங்கதானே சார் நிக்கறேன்?"

"நிக்கறது வேற, இருக்கறது வேற. நிக்கறீங்க, நான் இல்லேங்கல. ஆனா இல்லை."

"அப்ப என் பட்டம்?"

"இல்லாதவங்களுக்கு எப்படிம்மா பட்டம் கொடுக்கறது? நாளைக்கு மேலிடத்துல கேட்டா நானில்ல பதில் சொல்லணும்?"

"முதல் மார்க் வாங்கினது யாரு சார் அப்ப?"

"யாரும் இல்லை. இந்த வருஷம் ரெண்டாவதுலேருந்துதான் ஆரம்பம்."

ஜன்னலுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. துறைத்தலைவரிடம் ஓடினாள். அவர் கெட்ட மனுஷர் இல்லை. கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரே வழிதான் இருக்கு. உனக்குன்னு தனியா ஒரு பரீட்சை வைக்கறேன். அதுல தோத்துடு. மாடல் சொன்னது பலிச்சுடும், நீயும் டேட்டாவுக்குள்ள வந்துடுவே. ஒரு தடவை தோத்தவங்க அடுத்த தடவை தேறுவாங்கன்னு மாடல் சொல்லும். உடனே பட்டம்."

"தேறினதால நான் தேறலை. தோத்தாத் தேறிடுவேன். அப்படித்தானே சார்?"

"எவ்வளவு சட்டுனு பிடிச்சுக்கறே பாரு! உன்னைப் போய் நீக்கிட்டாங்களே!" துறைத்தலைவர் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

அப்பாவின் முழங்காலை நினைத்துக்கொண்டு ஜன்னல் சம்மதித்தாள். கேள்வி இதுதான்: 'மாணவர் தேர்ச்சிக்கான காரணத்தை ஆராய்க.' எப்படி எழுதினால் நிச்சயமாகத் தோற்கலாம் என்று பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். பிறகு, சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினாள்.

'பட்டமளிப்பு விழாவில் கறுப்பு அங்கி அணிந்த அனைவரும் தேறியவர்கள். தோற்றவர்களில் ஒருவர்கூட அங்கி அணிந்திருக்கவில்லை. ஆகவே தேர்ச்சிக்குக் காரணம் அங்கியே. இதுவரை அங்கியைக் கடைசி நாளில் கொடுத்துவந்தது பெரும் நிர்வாகத் தவறு. சேர்ந்த அன்றே மாட்டிவிட்டால் எல்லாரும் தேறுவார்கள். நடுவில் பாடம் நடத்த வேண்டிய அவசியம் இல்லை.'

இதற்கு மேல் ஒரு முட்டாள்தனம் எழுத முடியாது என்ற நிம்மதியோடு எழுந்து போனாள்.

ஐயோ பாவம், அவள் கணக்கு தப்பிவிட்டது. அந்தத் தாளைப் படித்த துறைத்தலைவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். வருஷக்கணக்காகப் பாடம் நடத்தி ஓய்ந்த மனுஷர் அவர். 'பாடம் நடத்த வேண்டிய அவசியம் இல்லை' என்ற வரியில் கண் நிலைகுத்தி நின்றது. பழைய பட்டமளிப்புப் போட்டோக்களை எடுத்துப் பரப்பி ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். ஒரு முகம்கூடத் தப்பவில்லை. அத்தனை பேரும் அங்கி, அத்தனை பேரும் தேர்ச்சி! முழு மார்க் போட்டார்.

"சார், தோக்கச் சொன்னீங்களே!" என்று ஜன்னல் தலையில் அடித்துக்கொண்டாள்.

"மனசு வரலைம்மா. மார்க் விஷயத்துல நான் அநியாயம் பண்ணினதே இல்லை."

"அப்ப அந்தக் கண்டுபிடிப்பு என்னோடதுதானே? அதுக்காகவாவது என்னைச் சேர்த்துக்குங்க."

"எழுதினவங்க டேட்டாவுல இல்லையே. இல்லாதவங்க எழுதினதைத் துறை எழுதினதாத்தான் எடுத்துக்கணும். விதி அப்படி."

துறை எழுதிய அந்த ஆய்வு மேலிடம் வரை போய், 'முன்கூட்டிய அங்கித் திட்டம்' என்ற பெயரில் கீழே இறங்கியது. புதுப் பிள்ளைகள் கேட்டிலேயே அங்கியும் குஞ்சம் வைத்த சதுரத் தொப்பியும் மாட்டிக்கொண்டார்கள். வகுப்புகள் ரத்தாயின. அத்தனை பேரும் தேறினார்கள். அங்கி போட்டிருந்தார்களே, தேறாமல் எப்படி? துல்லிய விருதும் வந்து சேர்ந்தது.

அதற்கப்புறம் ஊரைக் கேட்க வேண்டுமா? படித்தவர்கள் நன்றாக வேலை செய்வார்கள், படித்தவர்கள் அங்கி போடுவார்கள், ஆகவே அங்கி போட்டால் நன்றாக வேலை செய்வார்கள் என்று ஒவ்வொரு அலுவலகமும் கண்டுபிடித்தது. முடிவெட்டுகிறவர் அங்கி போட்டார். குழாய் ரிப்பேர்க்காரர் நனைந்த அங்கியோடு வீடு வீடாகப் போனார். பஸ் கம்பெனியும் தன் பங்குக்கு எல்லாக் கண்டக்டர்களுக்கும் அங்கியும் தொப்பியும் தைத்துக் கொடுத்தது. ஜன்னலின் அப்பா படிக்கட்டில் தொங்கியபோது அங்கி காற்றில் உப்பி, பஸ்ஸே ஒரு பக்கமாக இழுப்பது போல இருந்தது. பயணிகளின் மடியில் இருந்த குழந்தைகள் தொப்பிக் குஞ்சத்தைப் பிடித்து இழுத்தன. அப்பாவுக்கோ உச்சி குளிர்ந்து போயிற்று.

ஊரிலேயே அங்கி இல்லாத ஒரே ஆள் ஜன்னல்தான். டேட்டாவில் இருப்பவர்களுக்குத்தான் அங்கி.

இரண்டு தடவை வெறும் சுடிதாரில் கம்பெனிக்குப் போனாள். வாசல் காவலாளியே, அங்கியைச் சரிசெய்துகொண்டு, "படிச்சவங்க மட்டும்தாம்மா உள்ள" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அன்று அப்பா வெந்நீரிலிருந்து காலை எடுத்தார். "என்னோடதை எடுத்துக்கம்மா."

"உங்களுக்குப்பா?"

"எனக்கு எதுக்கு? கையைத் தூக்கினா பாதி பேர் மூஞ்சியில அடிக்குது. நீ போட்டுக்கிட்டுப் போ. நம்ம வீட்டுல ஒருத்தராவது உக்காந்து வேலை பார்க்கட்டும்."

அம்மா அதன் ஓரத்தை மடித்துத் தைத்துக் கொடுத்தாள். மறுநாள் கம்பெனி மேனேஜர் ஜன்னலை மேலும் கீழும் பார்த்தார். அவரும் அங்கியில்தான் இருந்தார்.

"பட்டம் கொண்டு வந்தீங்களா?"

"இல்லை சார். அது ஒரு பெரிய கதை..."

"அதான் அங்கி இருக்கே! அப்புறம் எதுக்குக் காகிதம்?" என்று நாற்காலியைக் காட்டினார்.

ஜன்னல் உட்கார்ந்தாள். இத்தனை வருஷப் படிப்பு, இத்தனை அழுகை, எல்லாம் அந்த ஒரு நாற்காலிக்காக. குஷன் நாற்காலி. தலைக்கு மேல் ஏசி. ஒரு தடவை சுழன்றுகூடப் பார்த்தாள்.

முதல் வேலையாக மேனேஜர் அவளிடம் ஒரு பஸ் கம்பெனியின் அன்றைய காலை டேட்டாவைக் கொடுத்தார். "பஸ்ஸெல்லாம் லேட்டாப் போகுதாம். ஏன்னு கண்டுபிடிக்கணும்."

ஜன்னல் அசராமல் பார்த்தாள். எல்லாக் கண்டக்டர்களுக்கும் நேரே 'அங்கி உண்டு' என்று இருந்தது. ஒரே ஒரு வரியில் மட்டும் 'அங்கி இல்லை'. கூட்டத்தோடு ஒட்டாமல் தனியாக ஒரு புள்ளி. அவளுக்கு அது பழக்கமான புள்ளியாகத்தான் பட்டது.

"சார், ஒரு அவுட்லயர் இருக்கு. யாருன்னு பேரைப் பார்க்கட்டுமா?"

"பேரெல்லாம் பார்க்கக் கூடாதும்மா. பார்த்தா மனசு ஒரு பக்கமாச் சாயும். நாம நடுநிலையா இருக்கணும்."

அதுவும் நியாயம்தான் என்று அவளுக்குப் பட்டது. ஆனாலும் ஏதோ உறுத்தியது. அங்கியின் கழுத்துப்பட்டைதான் உறுத்துகிறது என்று நினைத்து, அதைக் கொஞ்சம் தளர்த்திவிட்டுக்கொண்டு, அந்த வரியை நீக்கினாள். டேட்டா கண்ணாடி மாதிரி சுத்தமாகிவிட்டது. "பலே! இதுக்குத்தான் படிச்சவங்க வேணுங்கறது" என்று மேனேஜர் கைகுலுக்கினார்.

சாயங்காலம் இனிப்புப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தாள். அப்பா அந்நேரத்துக்கே வீட்டில் இருந்தார். நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வெந்நீர் இல்லை.

"என்னப்பா, சீக்கிரமே வந்துட்டீங்க?"

"மத்தியானம் டிப்போ கேட்டுல கார்டு வேலை செய்யலம்மா. உள்ள போய்க் கேட்டா, நான் இல்லையாம். இங்கதானே நிக்கறேன்னேன். நிக்கறது வேற, இருக்கறது வேறன்னுட்டாங்க."

பொட்டலம் கையில் இருப்பதையே ஜன்னல் மறந்துபோனாள். அம்மா அடுப்படியிலிருந்து, "யாருங்க அந்தப் பாவி? யாரு இப்படிப் பண்ணினது?" என்று கத்தினாள்.

"யாருன்னு தெரியல" என்றார் அப்பா. அவர் குரலில் கோபத்தையே காணோம். கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "ஆனா நம்ம பொண்ணு மாதிரி நல்லாப் படிச்ச புள்ளையாத்தான் இருக்கணும். ஒரே தட்டுல தூக்கிட்டாங்களே!"